பத்து எழுத்துப் பூட்டு

அத்தியாயம் ஐந்து

துப்பறியும் சுந்தரபாண்டி தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டது ஆடி கடைசி வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு. அந்தக் கம்ப்யூட்டர் அவரை முதன்முதலாக அவமானப்படுத்தியது பதினொன்று ஆறுக்கு.

கோழி நெல் பொறுக்குவதுபோல ஒற்றை விரலால் அவர் பத்து எழுத்துகளைத் தட்டினார். திரையில் பத்து நட்சத்திரங்கள் வரிசையாக முளைத்தன. வலது ஓரத்தில் நீளமாக இருந்த 'என்டர்' சாவியை அழுத்தினார். நட்சத்திரங்கள் மறைந்து, பச்சை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"உள்ள வராதேங்குது, அண்ணாச்சி," என்றாள் அவருடைய உதவியாளர் சந்தனமாரி. "இதச் சொல்ல நம்ம தெருவுல ஒரு நாய் போதும். இவுக லச்ச ரூவாய்க்கு வாங்கிப் போட்டிருக்காக."

சந்தனமாரிக்கு முப்பத்தாறு வயது. டெலிபோன் எக்சேஞ்சில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதற்காக அங்கிருந்து நீக்கப்பட்டவள். அதே தகுதிக்காக சுந்தரபாண்டி அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சோடாக் கடை மாடியில் இருக்கும் அவருடைய துப்பறியும் நிலையம் நான்கு வருஷத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தவை பதினொரு சைக்கிள், இரண்டு கறவை மாடு, ஓடிப்போன ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தானாகவேதான் திரும்பி வந்தார். ஆனால் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சுந்தரபாண்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்ததால், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

"மூணு சான்ஸ்ல ஒண்ணு போச்சு," என்றார் பின்னால் நின்ற ராமசேஷன். "நான்தான் சொன்னேனே ஓய், காகிதத்துல இருக்கிறபடி நேத்தே போட்டுப் பாத்தாச்சுன்னு! மறுபடி என்னத்துக்கு அதையே போட்டீர்?"

"ஒரு துப்பறிவாளன் எதையும் பிறர் சொல்லி நம்பக் கூடாது, சாமி," என்றார் சுந்தரபாண்டி, மிடுக்காக. சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு சான்ஸ் விலை கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

ராமசேஷன் தென்காசியில் பரம்பரை ஜோசியர். தை மாதம் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு 'கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்' என்று போர்டு மாட்டினார். பெரிய பெட்டி ஏ.சி. அறையில் இருந்தது, நாலாயிரத்துச் சொச்சம் ஜாதகங்கள் அதற்குள் இருந்தன. முன் அறையில் ஒரு சின்னப் பெட்டி. நடுச்சுவரில் ஓட்டை போட்டு இரண்டுக்கும் கம்பி இழுத்திருந்தது. சின்னப் பெட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டே, பெரிய பெட்டிக்குள் இருப்பதை இங்கேயே இருப்பதுபோல எடுத்துப் பார்க்கலாம். ஆனால் முதலில் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். எழுத்து, எண், ஒரு குறி மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்று மதுரை இன்ஜினியர் விதி வைத்திருந்தார். ஒரு நாளில் மூன்று தடவை தப்பாகக் கொடுத்தால் பெட்டி அடியோடு பூட்டிக்கொள்ளும். இன்ஜினியர் வந்துதான் திறக்க வேண்டும். இன்ஜினியர் பம்பாய்க்குப் போயிருந்தார். வர இன்னும் பத்து நாள் ஆகும்.

பத்து நாள் காத்திருக்க வழியில்லை. ஆடியில் அடங்கிக் கிடந்த கல்யாணப் பேச்செல்லாம் ஆவணி பிறந்ததும் கிளம்பிவிடும். புளியங்குடி எலுமிச்சை கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் வாசல் பெஞ்சில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலமே பிரித்துவிட்டது.

பாஸ்வேர்டு வைத்தவர் கைலாசம். முப்பத்தொரு வருஷம் டைப்ரைட்டிங் வாத்தியார். தை முதல் இங்கே அத்தனை ஜாதகத்தையும் அடித்து ஏற்றியவர். நான்கு நாள் முன்பு ஒரு சண்டையில் அவர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது, கையோடு கொண்டு வந்திருந்த தன் சொந்த டைப்ரைட்டரில் பாஸ்வேர்டை அடித்து, கவரில் போட்டு ஒட்டி, மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். அந்தக் காகிதம் இப்போது சுந்தரபாண்டி கையில் இருந்தது. அதில் இருந்தது ஒரே வரி:

aruvi1958!

"அருவி, அவன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின வருஷம், கடைசியில ஒரு ஆச்சரியக்குறி," என்றார் ராமசேஷன். "நேத்து குத்தாலத்துக்கு போன் போட்டேன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்றான். இதையேதான் சொல்றான். பொய்! வேணும்னே தப்பா எழுதிக் குடுத்துட்டு, நம்ம ஜாதகத்தையெல்லாம் பூட்டி வச்சிருக்கான். குத்தாலத்துல போட்டிக்கு ஒரு நிலையம் ஆரம்பிக்கப் போறான், நீர் வேணா பாரும். அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள திறக்கலேன்னா இது ஸ்டேஷனுக்குப் போறது." அவர் சட்டைப் பையைத் தட்டினார். புகார் அதற்குள் மடித்து வைத்திருந்தது.

"சண்டை எதுல வந்தது, சாமி?"

ராமசேஷன் கூரையைப் பார்த்தார். பதில், முன் அறையில் டோக்கன் கொடுக்கும் அவருடைய மருமாள் விஜயத்திடமிருந்து வந்தது.

"ஒரு ஜாதகக் கட்டத்துல புதனுக்குப் பதிலா குரு விழுந்துடுத்து. மாமா எல்லார் முன்னாடியும், 'ஓய், கீ போர்டைப் பாத்து அடியும்'னு சொல்லிட்டார். அவர் எழுந்து போயிட்டார்."

"அதுக்கா?" என்றார் சுந்தரபாண்டி.

"அவர் கீ போர்டைப் பாத்ததே இல்லை, ஸார். தை மாசம் பெட்டி வந்த அன்னிக்கே, அது மேல ஒரு துண்டைப் போட்டு மூடிண்டு, அடியில கைய விட்டு அடிச்சார். பாத்து அடிக்கிறவன் டைப்பிஸ்டே இல்லைம்பார்."

சுந்தரபாண்டி நோட்டை எடுத்து, 'துண்டு: நிறம் கேட்கவும்' என்று குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு ஸார்," என்றாள் விஜயம். "அவர் பாஸ்வேர்டு அடிக்கறச்சே நான் பாத்திருக்கேன். கடைசி நட்சத்திரம் மட்டும் ஒரு தடவை வந்து, மறைஞ்சு, திரும்ப வரும். மத்தவா அடிச்சா அப்படி வரல்லை."

"கரண்ட் ஏத்த இறக்கம்," என்றார் சுந்தரபாண்டி பெருந்தன்மையாக. அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. சந்தனமாரி மட்டும் விஜயத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

சுந்தரபாண்டி மத்தியானச் சாப்பாட்டையும் ஒரு குட்டித் தூக்கத்தையும் முடித்த பிறகுதான் குற்றாலத்துக்குக் கிளம்ப முடிந்தது. மொபெட்டை ஓட்டுவது சந்தனமாரி. சுந்தரபாண்டி பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பார். பேங்க்காரர்களும் வாத்தியார்களும் பார்க்கும் தென்காசி கடைத்தெருவில் இப்படிப் போவது ஒரு துப்பறிவாளனுக்குப் பெருமையல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் ஓட்டிய ஒரே நாளில் மொபெட் ஒரு பனங்கிழங்குக் கடைக்குள் போய் நின்றது. அந்தக் கடைக்காரி இன்னும் அவரைக் கண்டால் கிழங்கைக் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

இலஞ்சி தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது.

"மாரி, எனக்கு விளங்கிப் போச்சு," என்றார் குடைக்குள்ளிருந்து.

"சொல்லுங்க. ரோடு காலியாத்தான் கெடக்கு."

"அந்தக் காகிதத்தை லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஆச்சரியக்குறியோட கோடும் புள்ளியும் நேருக்கு நேர் இல்ல. புள்ளி ஒரு நூல் இடதுபக்கம் ஒதுங்கிக் கெடக்கு. அது அச்சுல விழுந்த புள்ளியே இல்ல. மூக்குப்பொடி!"

"கைலாசம் வாத்தியார் பொடி போடுவாகளா?"

"போடுவாரா இல்லியான்னு கண்டுபிடிக்கத்தான் போறோம்."

"பொடி போடாட்டா?"

"அப்ப எறும்பு."

சந்தனமாரி முகத்துச் சாரலை ஒரு கையால் வழித்துவிட்டாள். பிறகு, "அண்ணாச்சி, அந்த லென்ஸ் எங்க வாங்கினிய?" என்று கேட்டாள்.

"குத்தாலம் சீசன் கடையில."

"பிள்ளையளு வெயில்ல காகிதத்தக் கருக்குமே, அதுதானே?"

சுந்தரபாண்டி குடையைச் சற்றே தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கைலாசத்தைக் கண்டுபிடிக்கத் துப்பு எதுவும் தேவைப்படவில்லை. குற்றாலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு லாட்ஜின் முன்வராந்தாவில் டைப்ரைட்டர் சத்தம், குழிக்குள் விழும் கோலிக்குண்டு மாதிரி, ஒரே சீராகக் கேட்டது. ஐம்பத்தைந்து வயது. நெற்றியில் பட்டை. முதுகில் ஒரு அளவுகோலைக் கட்டி வைத்ததுபோல நேராக உட்கார்ந்திருந்தார். கண் எதிரில் இருந்த கையெழுத்துப் பிரதியில் இருந்தது. விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன.

"மனுவா, நோட்டீஸா?" என்றார் தலை திருப்பாமல்.

"விசாரணை," என்றார் சுந்தரபாண்டி.

சத்தம் நின்றது. "ராமசேஷன் அனுப்பினாரா?"

"உண்மை அனுப்பிச்சு," என்றார் சுந்தரபாண்டி. எதிர்பார்த்த அளவுக்கு அது எடுபடவில்லை. கைலாசம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சந்தனமாரியிடம் திரும்பி, "இவுக யாரு தாயி?" என்று கேட்டார்.

"துப்பறியிறவுக, அண்ணாச்சி. தெரியாத எடத்துல தட்டிப் பாக்கிறவுக," என்றாள் அவள். "நீங்க பொடி போடுவியளா?"

"எனக்கு எந்தப் பழக்கமும் கெடையாது."

சுந்தரபாண்டி மனதுக்குள் எறும்புக்கு மாறினார். வாய்விட்டுக் கேட்டது வேறு. "வே, அந்தக் காகிதத்துல இருக்கது சரியான பாஸ்வேர்டுதானா?"

கைலாசம் மெஷினிலிருந்து கையை எடுத்தார். "ஏழு மாசமா தெனமும் அதத்தான் அடிச்சேன். ஒரு நாளும் பெட்டி என்னை மறுத்ததில்ல. அதையேதான் காகிதத்துலயும் அடிச்சுக் குடுத்தேன். முப்பத்தொரு வருஷத்துல என் கையிலேர்ந்து தப்பா ஒரு எழுத்துப் போனதில்ல. வாயிலேர்ந்து பொய் ஒண்ணும் போனதில்ல."

"அப்ப ஒரு எட்டு வந்து நீங்களே அடிச்சுக் காட்டிட்டா..."

"மாட்டேன். பொய்யன்னு சொன்ன வாசல நான் மிதிக்க மாட்டேன்."

"அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறாக," என்றாள் சந்தனமாரி மெதுவாக.

கைலாசம் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"தெரியும். ஸ்டேஷன்ல டைப் அடிக்கது யாரு தெரியுமா? குற்றாலிங்கம். என்கிட்ட டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படிச்சவன். கோர்ட்டுல ரெண்டு பேரு, தாலுகா ஆபீசுல நாலு பேரு, எல்லாம் என் பையங்க. என் பேரைக் குத்தவாளின்னு அவன்தான் அடிக்கணும். பிழையில்லாம அடிப்பான். அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்." விரலில் ஒட்டிய ரிப்பன் மையைத் துடைத்தார். "பொறவு நான் எந்த ஆபீஸ் வாசல்லயும் போயி நிக்க முடியாது, தாயி."

சாரல் தகரத்தில் சடசடத்தது. சுந்தரபாண்டி நோட்டை எடுத்து, எதுவும் குறிக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தார். "என்ன அடிச்சுக்கிட்டு இருக்கிய?" என்றார் சும்மா.

"லாட்ஜுக்கு நோட்டீஸ். பாதியில நிக்கி. நாலு வார்த்த அடிச்சிருதேன், இருங்க."

விரல்கள் ஓடின. காகிதத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து விழுந்தது: குரங்குகள் ஜாக்கிரதை. கடைசியில் ஆச்சரியக்குறி.

சுந்தரபாண்டி துள்ளி எழுந்தார்.

"இப்ப கடைசியா என்ன செய்திய? இன்னொரு தடவ!"

"ஆச்சரியக்குறி போட்டேன்."

"எத்தன தட்டு?"

"மூணு. இந்த மெஷின்ல ஆச்சரியக்குறிக்குத் தனிச் சாவி எது? மேல தொங்குமே அப்பாஸ்ட்ரபி, அந்தக் கொக்கியப் போடணும், பேக் ஸ்பேஸ் தட்டி ஒரு எடம் பின்னால வரணும், அதுக்கு அடியில முற்றுப்புள்ளி வைக்கணும். ரெண்டும் சேந்தா ஆச்சரியக்குறி. லோயர் படிக்க பையனுக்கே தெரியும்."

"கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் போட்டியளா?"

"வேற எப்படிப் போடுவாக?"

ஒதுங்கி நின்ற அந்தப் புள்ளி! அது பொடியும் இல்லை, எறும்பும் இல்லை. தனியாக வைத்த முற்றுப்புள்ளி. கம்ப்யூட்டரில் ஆச்சரியக்குறிக்கென்று ஒரு சாவி இருக்கிறது. துண்டு போட்டு மூடியவர் அதைக் கண்டதே இல்லை! சுந்தரபாண்டி நன்றி சொல்லவும் மறந்து மொபெட்டை நோக்கி ஓடினார்.

"கொக்கி ஒண்ணு, புள்ளி ஒண்ணு," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். "மாரி, இந்தக் கேசு நாளைக்கு மதுரைப் பேப்பர்ல வரும்."

"போட்டோவுக்கு லென்ஸக் கையில வச்சுக்கிடுங்க," என்றாள் அவள்.

மணி நாலு இருபதுக்கு அவர் மறுபடி சின்னப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். விஷயத்தை விளக்கும்போது ராமசேஷன், விஜயம், புளியங்குடி மண்டிக்காரர், வாசுதேவநல்லூர் குடும்பம் எல்லோரும் சூழ நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் சுந்தரபாண்டிக்குக் கொஞ்சம் நாடகம் போடத் தோன்றியது. சட்டைக் கையை மடித்தார். aruvi1958 என்று தட்டினார். கொக்கி ஒன்று தட்டினார். புள்ளி ஒன்று தட்டினார். கையை உயரத் தூக்கி நீளச் சாவியை அழுத்தினார்.

பச்சை எழுத்தில் அதே வரி வந்தது.

வாசுதேவநல்லூர் பாட்டையா ஒருவர், "தம்பி, கைய இன்னுங் கொஞ்சம் தூக்கியிருந்தா தொறந்திருக்குமோ?" என்று கேட்டார்.

"ரெண்டு போச்சு," என்றார் ராமசேஷன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போறும் ஓய். மணி நாலரை. நான் வேஷ்டி மாத்திண்டு கிளம்பறேன்."

சுந்தரபாண்டி நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தார். மதுரைப் பேப்பர் கண்முன் வந்தது. செய்தி வேறாக இருந்தது.

"பதினொண்ணு வந்துது," என்றாள் விஜயம்.

"என்னம்மா?"

"நட்சத்திரம். நீங்க அடிச்சப்போ பதினொண்ணு வந்துது. அவர் அடிச்சா பத்துதான் வரும்."

சந்தனமாரி சட்டென்று திரும்பினாள். "ஏ விஜயம், டைப்ரைட்டர்ல பேக் ஸ்பேஸ் தட்டினா எழுத்து அங்கனயே கெடக்கும், மெஷின்தான் நகரும். இந்தப் பெட்டில தட்டினா?"

"எழுத்தே அழிஞ்சுடும்."

"அதான் ஒரு நட்சத்திரம் வந்து மறையுது! கொக்கியப் போட்டாரு, பேக் ஸ்பேஸ்ல அதை அவரே அழிச்சாரு, பொறவு புள்ளி வச்சாரு. உள்ள போனது வெறும் புள்ளி, அண்ணாச்சி! காலையிலயே இந்தப் பிள்ள சொன்னா. நீங்க கரண்டுன்னிய."

சுந்தரபாண்டி காலையில் குறிக்காமல் விட்டதை நினைத்து, நோட்டைத் தூக்கி வாசல் சாக்கடையில் போடலாமா என்று யோசித்தார். ஆனால் விரல் அதற்குள் கீ போர்டுக்குப் போய்விட்டது. ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி. அவ்வளவுதானே? aruvi1958 என்று தட்டி முடித்து, புள்ளியும் வைத்து, நீளச் சாவிமேல் விரலைக் கொண்டுபோனார்.

விரல் அங்கேயே நின்றது.

காலையில் கண்ணால் பார்த்ததை நம்பினார், தோற்றார். சாயங்காலம் மூளையை நம்பினார், பேரவமானம். இரண்டு பேருமே நம்பத் தகுந்தவர்கள் இல்லை என்று இன்று ருசுவாகிவிட்டது. கைலாசம் எழுத்தைச் சொன்னார், பொய்யில்லை. ஆனால் பெட்டி எழுத்தைக் கேட்கவில்லையே. ஏழு மாசமாக அது கேட்டது அவருடைய விரலை அல்லவா?

அவர் தட்டிய அத்தனையையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

"மாரி, குத்தாலத்துக்கு போன் போடு. எழுத்து வேண்டாம். விரலைக் கேளு."

எக்சேஞ்சில் சந்தனமாரியின் பழைய தோழி சைதூன் பீவி இருந்தாள். சந்தனமாரி "ஏட்டி, நான்தான்," என்று சொன்ன அடுத்த நிமிஷம் லாட்ஜ் லைன் கிடைத்தது. கைலாசம் போனுக்கு வர மூன்று நிமிஷம். வந்ததும் சந்தனமாரி கேட்டாள்.

"என்ன சொல்லுதாரு?"

"வாசல மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னாராம். டெலிபோன் வாசல் இல்லியாம். தொடங்கலாமாங்காரு." அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டாள். "மொதல்ல நேரா உக்காரணுமாம்."

சுந்தரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எட்டு விரலையும் நடு வரிசையில வைக்கணுமாம். இடது கை சுண்டு விரல் வரிசையோட மொத எழுத்துல. வலது கை சுண்டு விரல், புள்ளிக்கு அடியில வால் தொங்குமே அரைப்புள்ளி, அதுல. பாத்து வைங்க. வச்ச பொறவு பாக்கக் கூடாது."

"வச்சாச்சு."

"இடது சுண்டு விரல், ஒரு தட்டு. இடது ஆள்காட்டி, மேல் வரிசை. வலது ஆள்காட்டி, மேல் வரிசை."

"இடதுன்னா இந்த..."

"சோறு தின்னாத கை, அண்ணாச்சி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வயதில், பதினான்கு பேர் பார்க்க, ஒரு துப்பறிவாளர் பாலர் வகுப்புப் பையனைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு விரல் விரலாகத் தேடினார். இடது ஆள்காட்டி, கீழ் வரிசை. வலது நடுவிரல், மேல் வரிசை. விஜயம் சாவிகளைப் பார்த்து வாசித்தாள்: "அருவி வந்தாச்சு."

"அடுத்து ஒண்ணு," என்றாள் சந்தனமாரி. "வலது மோதிர விரல். நடு வரிசை."

விரல் இருந்த இடத்திலேயே ஒரு தட்டு.

"நிறுத்துங்கோ!" என்றாள் விஜயம். "அது ஒண்ணு இல்லை, ஸார். ஒண்ணு மேல, மூலையில இருக்கு. நீங்க தட்டினது ஆங்கில எழுத்து... எல்."

சந்தனமாரி ரிசீவரில் கேட்டாள். பதிலைக் கேட்கக் கேட்க அவளுடைய கண் அகன்றது. "அவரு மெஷின்ல ஒண்ணுக்குச் சாவியே கெடையாதாம். மேல் வரிசை ரெண்டுலதான் தொடங்குமாம். சின்ன எல்லும் ஒண்ணும் பாக்க ஒரே மாதிரி இருக்கதால, எல்லத்தான் ஒண்ணுன்னு அடிப்பாகளாம். ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தானாம்."

சுந்தரபாண்டி நீளச் சாவியைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு முன் அதை அழுத்தியிருந்தால் மூன்றாவது சான்ஸும் போய், கைலாசமும் போயிருப்பார். உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொள்ள விரலை எடுக்கப் போனார்.

"விரலை எடுக்காதிய! மறுபடி மொதல்லேர்ந்து வரணும்!"

அவர் எடுக்கவில்லை. ஒன்பது, ஐந்து, எட்டு. பிறகு கொக்கி, பத்தாவது நட்சத்திரம் வந்தது. பேக் ஸ்பேஸ், மறைந்தது. வலது மோதிர விரல், கீழ் வரிசை. பத்தாவது நட்சத்திரம் திரும்ப வந்து நின்றது.

இந்தத் தடவை அவர் கையை உயர்த்தவில்லை. சுண்டு விரலால் மெல்லத் தொட்டார்.

திரை ஒரு கணம் இருண்டது. அடுத்த கணம் பச்சை வரிசையாகப் பெயர்கள் கொட்டின: நட்சத்திரம், ராசி, ஊர், ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். நாலாயிரத்துச் சொச்சமும் இருந்த இடத்திலேயே இருந்தன. மண்டிக்காரர் "முருகா!" என்றார். ராமசேஷன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சந்தனமாரி ரிசீவரில் நடந்ததைச் சொன்னாள். கொக்கி அழிந்ததையும், எல் எல்லாகவே உள்ளே போனதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சுந்தரபாண்டியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, 'அப்ப ஏழு மாசமா நான் தப்பாத்தான் அடிச்சிருக்கேனா'ன்னு கேக்காரு."

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. பொய்யர் இல்லை என்று நிரூபித்த அதே பத்து எழுத்து, முப்பத்தொரு வருஷத்தில் தப்பே அடிக்காதவர் என்ற பெயரைப் பறித்துக்கொண்டது. சுந்தரபாண்டி ரிசீவரை வாங்கினார். மெஷின் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அந்த ஆளிடம் பொய் சொல்வது சரியில்லை என்று பட்டது.

"ஆமா, வே," என்றார். "தப்புத்தான். ஆனா ஏழு மாசமும் ஒரே தப்பை, ஒரு நாள் பிசகாம அடிச்சிருக்கிய. அதனாலதான் இன்னிக்குத் தொறந்துது. நான் இன்னிக்கு ஒரு நாள்ல ரெண்டு அடிச்சேன். ரெண்டும் வேற வேற."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"பரீட்சையில ஒரு பிழைக்கு மார்க்குக் கொறைப்பாக, அவ்வளவுதான்," என்றார் கைலாசம். "பொய்க்கு மார்க்கே கெடையாது. தப்பு என்னுதுன்னு எழுதிக்கிடுங்க. அந்தப் புகார் என்னாச்சு?"

சுந்தரபாண்டி திரும்பிப் பார்த்தார். ராமசேஷன் அதைப் பையிலிருந்து எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல், நாலாகவும் எட்டாகவும் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கிழிக்காரு."

"சத்தம் கேக்கலியே."

சுந்தரபாண்டி ரிசீவரை நீட்டினார். ராமசேஷன் அதன் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம் கிழித்தார்.

"சரி," என்றார் கைலாசம். "நாளைக்கு எட்டரைக்கு வாரேன். ஆனா நானா வாசல மிதிக்க மாட்டேன். அவரு வெளிய வந்து கூப்பிடணும்."

சுந்தரபாண்டி அதை அப்படியே சொன்னார். ராமசேஷன் கிழித்த துண்டுகளைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார்.

"எட்டு மணிக்கே வாசல்ல நிக்கறேன்னு சொல்லுங்கோ," என்றார். "மழையானாலும்."